வெங்காயம் இல்லாத காய்ச்சல்

“பெரியவரே, கையை நீட்டுங்க” என்று நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அவர் திரும்பித் தம் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவரும், சுவரில் ஒரு கொசு ஒழிப்புச் சுவரொட்டியும்தான் இருந்தன.

“யாரம்மா கூப்புடற? எங்க நைனாவையா? அவரு செத்து முப்பது வருசம் ஆவுது.”

சொல்லிவிட்டு, மடித்த சட்டைக் கையை இறக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் அதே சட்டையோடு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தின நாள் பட்டதை மறக்காமல் “அண்ணா, கையை நீட்டுங்க” என்றேன். இரண்டு கைகளையும் நீட்டினார்.

பழவேற்காடு ஏரிப் பக்கம் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் எட்டு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். பொன்னேரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். விரலில் குத்துவது, கண்ணாடித் துண்டில் ரத்தத்தை இழுப்பது, மைக்ராஸ்கோப்பில் குனிந்து அணுக்களை எண்ணுவது, இதுதான் என் பிழைப்பு. எத்தனையோ பேருடைய ரத்தத்தைப் பார்த்திருக்கிறேன். முகத்தோடு சேர்த்து ஞாபகம் இருப்பது இவருடைய ரத்தம் மட்டும்தான்.

கோட்டைக்குப்பம் தாண்டி ஒரு சின்னக் குப்பத்தில் மீன்பிடிக்கிறவர். ஆதார் அட்டையில் அறுபத்தெட்டு வயது. கேட்டால் “அட்டை அடிச்சவனுக்கு வெரலு வழுக்கிக்கிச்சி, அம்பத்தெட்டுதான்” என்பார். ஒல்லி உடம்பு, உப்புக் காற்றில் வறண்ட தோல், ஒரு நாளைக்கு ஆறு இஞ்சி டீ. ஒவ்வொரு டீக்கும் இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதல். அத்தனை சர்க்கரையும் எங்கே போனதோ, பரிசோதனையில் ஒரு நாளும் அகப்பட்டதில்லை. எனக்கே கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கும். இப்போது அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பெயரைச் சொல்லப்போவதில்லை. தம் பெயர் ஒரே ஒரு பட்டியலில் இருந்தால் போதும் என்று நினைத்தவர் அவர்.

அந்தப் பட்டியலைச் சொல்லியாக வேண்டும். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் நிறைய விழும் இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான். அதனால் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த எங்கள் டாக்டரம்மாவிடம் இவர் ஒரு நாள், “சீக்கிரம் பாத்து அனுப்புமா, இன்னிக்கு எனக்குப் பாடு” என்றார். டாக்டரம்மா மரியாதையாக, “அப்படீங்களா? நல்லாப் பாடுங்க. தொண்டைக்கு ஏதாச்சும் மாத்திரை தரட்டுங்களா?” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா எதிரில் வரும்போதெல்லாம் இவர் தொண்டையைக் கனைத்துக் காட்டுவார்.

அவர்கள் குப்பத்துச் சட்டம் ஒன்று இருந்தது. தன் பாட்டு நாளில் ஒருவன் வரமுடியாமல் போனால், காய்ச்சலாக இருந்தால் பாடு கைவிட்டுப் போகாமல் நிற்கும். அவன் பெயரில் மகனோ தம்பியோ வலை கட்டலாம். முட்டி வலி, மூச்சு வாங்குகிறது, கண் மங்கல் என்றெல்லாம் சொன்னால் அது வயசு. வயசுக்குப் பாடு நிற்காது, பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். மகன் அந்த இடத்துக்குத் தானாக வந்துவிடவும் முடியாது. வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும், தலைமுடி நரைக்கிறவரைக்கும்.

சட்டம் இப்படி இருந்தால் ஊரில் என்ன நடக்கும்? காய்ச்சல் நடக்கும். நாற்பது தாண்டினவனுக்கெல்லாம் சரியாகப் பாட்டு நாளன்று காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாமெல்லாரும் ஒரு காலத்தில் செய்த வேலைதான். கக்கத்தில் வெங்காயத்தை வைத்து அமுக்கிக்கொண்டால் உடம்பு சுடும் என்று ஒரு நம்பிக்கை. சுடுமோ சுடாதோ, ஐம்பது வயது மீனவர்கள் கக்கத்தில் வெங்காயத்தோடு ஊர்த் தலைவர் முன்னால் போய் நின்றார்கள்.

இவருக்கு இது பொறுக்கவில்லை. காரணம் ஒன்றுதான்: இவருக்குக் காய்ச்சலே வராது. “இருவது வருசமா இந்த ஒடம்புல காய்ச்சல் ஏறினது கெடையாது” என்று, எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் வந்ததில்லை என்று சொல்கிற குடும்பத் தலைவர் மாதிரிச் சொல்லுவார். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, காய்ச்சல் என்று சொல்கிற எவனும் தலைவரோடு லேபுக்கு வந்து தெர்மாமீட்டர் வைத்துக் காட்டவேண்டும் என்று தீர்மானம் போடவைத்தார். தீர்மானத்தை நிறைவேற்றும் பொறுப்பையும் தாமே எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் வாரத்துக்கு ஒரு ஆளையாவது கையைப் பிடித்து என்னிடம் இழுத்து வருவார். “லேப்பம்மா, இவனுக்கு நெஜமா காய்ச்சல் கீதானு பாரு” என்பார். நான் தெர்மாமீட்டரைத் தேடி எடுப்பதற்குள் அவரே அந்த ஆளின் கையைத் தூக்கிக் கக்கத்தில் மூக்கை வைத்து மோந்துவிடுவார்.

“வெங்காயம்!”

“மத்தியானம் வெங்காய சாம்பாருபா” என்பான் அந்த ஆள்.

“சாம்பாரு வாய்ல ஊத்துவாங்களா, கக்கத்துல ஊத்துவாங்களா?”

ஊரில் அவருக்கு இதனால் நல்ல பெயர் என்று சொல்லமுடியாது. பின்னால் ‘மூக்கு’ என்று கூப்பிட்டார்கள். முன்னால் யாருக்கும் தைரியம் இல்லை.

மைக்ராஸ்கோப் மீது அவருக்கு ஒரு கண் இருந்தது. ஆள் இல்லாத ஒரு மத்தியானம், தூக்குவாளியில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, “என் ரத்தத்த நான் பாக்கக் கூடாதா?” என்றார். பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடுவதற்குப் பதில் இரண்டையும் மூடிக்கொண்டு “இருட்டா கீது” என்றார். பிறகு ஒரு வழியாகத் தெரிந்தது.

“இன்னாமா இது, அங்கங்க ஊதாவா குந்திக்கினு கீறானுங்க?”

“அதுதாண்ணா வெள்ளையணு. கிருமி உள்ள வந்தா சண்டை போடறது அதுங்கதான்.”

“வெள்ளன்ற. ஊதாவா கீதே?”

“நான் சாயம் போட்டிருக்கேன்.”

“வெள்ளக்காரனுக்கே சாயம் பூசி வெச்சிக்கீறியா?”

பழவேற்காட்டில் வெள்ளைக்காரன் என்றால் டச்சுக்காரன்தான். அந்தக் காலத்தில் இங்கே கோட்டை கட்டிக் காவல் இருந்தவர்கள். இப்போது கல்லறையில் இருக்கிறார்கள். வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அவர் மனதில் அது அப்படியே பதிந்துவிட்டது. உடம்பு ஒரு கோட்டை, ரத்தத்தில் இருப்பவர்கள் அதைக் காக்கும் வெள்ளைக்காரர்கள். நான் எத்தனை தடவை ‘அணு, அணு’ என்று திருத்தினாலும், “அந்தப் பேரு பயமா கீதுமா, கல்பாக்கம் மாதிரி” என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்.

“இவனுக்கு இன்னா வயசு?” என்று கேட்டார், இன்னும் குனிந்தபடியே.

“இந்த வகை ரத்தத்துல ஒரு நாள் இருக்கும், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். எலும்புக்குள்ள தினம் தினம் புதுசா உண்டாகிட்டே இருக்கும்.”

அவர் தலையை நிமிர்த்தினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! நான் செய்த பெரிய தப்பு அதுதான். மறுநாளே குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: அவர் ரத்தம் நேற்றுப் பிறந்ததாம், லேப்பம்மா கண்ணாடியில் பார்த்துச் சொன்னாராம். ஆதார் அட்டையைத் திருத்தித் தரச்சொல்லி எங்கள் ஆபீஸ் கிளார்க்கிடம் வந்து சண்டை வேறு.

அரை உண்மையைச் சொன்னவளுக்கு மீதியையும் சொல்லும் கடமை உண்டு அல்லவா? அடுத்த முறை உட்காரவைத்துச் சொன்னேன். காவல்காரர்களில் பல வகை உண்டு. சிலர் ஒரு நாள் ஆட்கள். சிலர் வருடக்கணக்காக இருந்து, பழைய கிருமிகளின் முகத்தை ஞாபகம் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. வாலிபம் போகப் போக அந்தப் பள்ளிக்கூடம் சுருங்கிவிடும். புதிதாகப் படித்து வருகிறவர்கள் குறைந்துபோவார்கள். பழைய ஆட்களே மிஞ்சுவார்கள். புதுக் கள்ளன் வந்தால் அவர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியாது. சில நேரம் கள்ளனே இல்லாதபோதும் முணுமுணுத்துக்கொண்டு இருப்பார்கள், மூட்டு வலி, உடம்பு வலி எல்லாவற்றிலும் அவர்களுக்கும் பங்கு உண்டு.

“எம் முட்டி வலிக்குதுன்னு யாரு சொன்னது?” என்றார், முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

“காய்ச்சல்ங்கறதே அவங்க போடற கூச்சல்தாண்ணா. மூளைக்குச் சேதி அனுப்பி உடம்பைச் சூடாக்கறாங்க. வயசான காவல்காரங்க கள்ளன் வந்தாலும் கூச்சல் போடாமலே இருந்துடுவாங்க. காய்ச்சல் வராததால நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல.”

முட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“அது வயசானவங்களுக்கு. எங்கிட்ட எதுக்குச் சொல்ற?” என்று எழுந்து போனார். மூன்று நாள் டீ வரவில்லை.

அந்தக் கோடையில் அவருக்கு அக்கி வந்தது. வலது விலாவில் பட்டையாகக் கொப்புளங்கள். எங்களிடம் வராமல் நேரே பானை செய்கிறவரிடம் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். காவிக்கல்லைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி வளைத்து, நடுவில் ஒரு சிங்கமும் எழுதியிருந்தது. சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடவேண்டும் என்பது ஏற்பாடு. சட்டையைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அது பூனை மாதிரித்தான் தெரிந்தது, அதுவும் பயந்த பூனை.

“கூச்சமா இருந்திச்சி, சிரிச்சிட்டேன். அவன் கை கோணிக்கிச்சி” என்றார்.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, சின்ன வயதில் அம்மை போட்டதா என்று கேட்டார். பத்து வயதில் போட்டதாம். வேப்பிலை வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் ஊற்றி, அம்மனை மரியாதையாக அனுப்பிவைத்தார்களாம். அப்போது வந்த கிருமி போகவே இல்லை, நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, இத்தனை காலம் எழுந்திருக்கவிடாமல் காவல்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள், இப்போது அவர்கள் கண் அசந்துவிட்டார்கள் என்று நான் விளக்கினேன். அவருக்கு வாய் திறந்தபடியே நின்றது.

“அப்ப இத்தினி வருசமா எங்கூடவே ஏரிக்கு வந்துக்கினு கீதா? நான் கண்ணாலம் கட்டினப்ப, எம் புள்ள பொறந்தப்ப, எல்லாம் உள்ளதான் குந்திக்கினு இருந்திச்சா?”

“ஆமாண்ணா.”

“அட கஷ்டமே. ஒரு வார்த்த சொல்லலியே” என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, “ஆனா பாத்தியா, காய்ச்சல் இல்ல!” என்று விரலை ஆட்டினார். மறுநாள் அவருக்குப் பாடு. சட்டை பட்டால் எரிகிறது என்று வெறும் மேலோடு, விலாவில் சிவப்புச் சிங்கத்தோடு போய் வலை கட்டினார். அன்றைக்கு நல்ல இறாலாம். சிங்கம்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு.

அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒரு காலை, அவருடைய மருமகள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மகன் ஏரிக்குப் போயிருந்தான். பின்னாலேயே ஊர்த் தலைவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் இவருக்குப் பாடு. தலைவர் சாட்சியோடு காய்ச்சல் பார்க்கவேண்டும் என்பது இவரே போட்ட சட்டம்.

“மாமா டீ வேணாங்கறாருக்கா” என்றாள் மருமகள். அழுகிற மாதிரி இருந்தாள். “நேத்திலேந்து ஒண்ணுகூட குடிக்கல. எதிர்க்கடையில இப்பதான் சூடா வாங்கினேன், மூஞ்ச திருப்பிக்கினாரு.” கையில் தூக்குவாளி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்து, “வாங்க பெரியவரே, இப்படி உட்காருங்க” என்றார்.

அவர் உட்கார்ந்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை. நைனாவை இழுக்கவில்லை. பெரியவரே என்று கூப்பிட்டதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஐந்து நாளுக்கு முன்னால் காலில் கெளுத்தி மீன் முள் குத்தியிருக்கிறது. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். சுண்டுவிரல் கறுத்து, பாதம் வீங்கியிருந்தது. மூச்சு வேகமாக ஓடிற்று. ரத்த அழுத்தம் கீழே இறங்கியிருந்தது. “பாடு நேத்தா, நாளைக்கா?” என்று மருமகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறு புள்ளி எட்டு காட்டியது. என் கை சூட்டைவிடக் குறைவு.

“விஷம் ரத்தத்துல ஏறியிருக்கும் போல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகோணும்” என்றார் டாக்டரம்மா.

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு எங்கிருந்தோ தெளிவு வந்தது. “காய்ச்சல் கீதா?”

“இல்லீங்க, ஆனா...”

“காய்ச்சல் இல்லன்னா ஆஸ்பத்திரி எதுக்கு? நாளைக்குப் பாடு.”

டாக்டரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யவும் கடிதம் எழுதவும் உள்ளே போனார். நான் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குனிந்து பார்த்தேன். நிறைய முற்றாத அணுக்கள். எலும்புக்குள் வளர்ந்து முடிக்காததுகளையும், இன்னும் சண்டைக்கு லாயக்கில்லாததுகளையும், வேறு வழியில்லாமல் அந்த உடம்பு அவசர அவசரமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே அவ்வளவு பெரிய யுத்தம். வெளியே ஒரு கூச்சல் இல்லை, தொண்ணூற்றாறு புள்ளி எட்டு.

தலைவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “தலைவரே, வயசானவங்களுக்குக் காய்ச்சல் வராமலே...” என்று தொடங்கினேன். முடிக்கவிடவில்லை.

“யாருக்கு வயசு?” என்று இவர் எழுந்து நின்றுவிட்டார். கால் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். மருமகள் குறுக்கே ஓடினாள். தலைவர் குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே, “நான் இன்னாமா பண்றது? காய்ச்சல் இல்லன்னா வயசு. சட்டம் போட்டதே இவருதான்” என்றார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். அந்தச் சட்டத்தின் மேல், அந்த மனுஷன் மேல், கூச்சல் போடாத அந்தக் காவல்காரர்கள் மேல், எல்லார் மேலும்.

“இருங்க, அந்த தெர்மாமீட்டர்ல பாட்டரி சரியில்ல. வேற வெச்சுப் பார்க்கறேன்” என்றேன். மேசைக்குப் பின்னால் போனேன். மருமகள் கொண்டுவந்து வைத்திருந்த தூக்குவாளி அங்கேதான் இருந்தது. மூடியைத் திறந்து, டிஜிட்டல் தெர்மாமீட்டரின் மூக்கை டீயில் விட்டேன். எரர் காட்டியது, அவ்வளவு சூடு. அணைத்துவிட்டு, மூடியில் கொஞ்சம் டீ ஊற்றி ஊதி ஆறவைத்து மறுபடி விட்டேன். பீப் என்று கத்தியது. கூடவே நான் பலமாக இருமினேன். நூற்றிரண்டு புள்ளி நாலு. அந்தக் கருவியில் ஏறின எண் ஏறினபடியே நிற்கும். அவசரத்தில் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் அவர் கக்கத்தில் வைத்து, கொஞ்ச நேரம் பிடித்து, எடுத்துக் காட்டினேன்.

“நூத்திரெண்டு. பாருங்க தலைவரே.”

தலைவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, சட்டம் என்றால் சட்டம் இல்லையா, இவருடைய கையைத் தூக்கிவிட்டு, குனிந்து கக்கத்தில் மூக்கை வைத்து மோந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. என் மூக்குக்கே இஞ்சி வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்வதற்கு ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

“வெங்காயம் இல்ல. காய்ச்சல்தான். பாடு நிக்கும்” என்றார்.

இவர் வாசலிலிருந்து திரும்பி வந்து, தானாகவே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார். டாக்டரம்மாவின் கடிதத்தில் தொண்ணூற்றாறு புள்ளி எட்டுதான் எழுதியிருந்தது, அதில் நான் கை வைக்கவில்லை. டீ விஷயம் அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் நல்லாத் திட்டுவார், திட்டட்டும்.

மறுநாள் அவர் பெயரில் அவர் மகன் வலை கட்டினான். அவர் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. கைத்தடியோடு லேபுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரல் இல்லை.

“போவட்டும், இன்னும் ஒம்போது கீது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அது கெடக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி பெட்டுல படுத்துக்கினு கீறேன். கக்கத்துல ஒரே எறும்பு. நர்சம்மா தட்டிவுடறாங்க, மறுபடி வருது. இவருக்கு ரொம்ப சர்க்கரைபோலன்னு பயந்து டெஸ்டு எடுத்துட்டாங்க. ஏம்மா, மருமவ வாங்கின டீல அவ்ளோ சர்க்கரையா?”

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“ஊர்ல எல்லார் கக்கத்தையும் மோந்தவன் நானு. எங் கக்கத்துல இஞ்சி டீ அடிக்கறது தெரியாதா? தல சுத்திச்சிதான், அந்த அளவுக்குச் சுத்தல.”

“அப்பவே ஏண்ணா சொல்லல?”

அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“மூச்சு உட முடில லேப்பம்மா. போவணும்னு எனக்கே தெரியும். காய்ச்சல் இல்லாம எப்டிமா போறது?” என்றார். “தலைவனும் டகுலு ஆளு. வெங்காயம் இல்லன்னுதானே சொன்னான்? டீ இல்லன்னு சொன்னானா?”

இருவரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பு அடங்கி இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் யாரையும் லேபுக்கு இழுத்து வரவில்லை. பாட்டு நாளில் எவனாவது காய்ச்சல் என்று சொன்னால், “இருக்கும் இருக்கும், மழைக்காலம்” என்று வேறு பக்கம் பார்ப்பாராம். ஊருக்கு அது ஒன்றும் பழகவில்லை. மூக்குக்கு என்ன ஆயிற்று என்று என்னிடமே வந்து விசாரித்தார்கள்.

ஆனால் ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பட்டியலில் தம் பெயர் நிற்பது ஒரு டீயின் தயவில் என்று. வாய்விட்டுச் சொல்லவில்லை. தூக்குவாளியை மேசையில் வைக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான்.

குளிர் நாட்களில் டாக்டரம்மா எங்கெங்கோ சொல்லி வயதானவர்களுக்கு ஒரு தடுப்பூசி வரவழைத்தார். வயதானவர்களுக்கு என்று சொன்னால் இவர் வரமாட்டார் என்பதால், நானே போய், “தூங்கற வெள்ளக்காரனுக்குக் கள்ளன் முகத்தைக் காட்டி எழுப்பற ஊசிண்ணா” என்றேன்.

“எழும்புவானா?”

“வாலிபத்துல எழும்பற மாதிரி எழும்பாது. கொஞ்சமாவது எழும்பும். சிலருக்கு மறுநாள் லேசா காய்ச்சல் வரும், பயப்படக் கூடாது.”

“காய்ச்சல் வருமா?” என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆசையைப் பார்க்கவேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது அவர் லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கண் சிவந்து, பல் கிட்டி நடுங்கிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு. பக்கத்தில் ஊர்த் தலைவர். பல் துலக்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். வாயோரத்தில் பற்பசை காயவில்லை. மருமகள் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“விடியறதுக்குள்ள தெருத் தெருவா போயி எல்லாருக்கும் நெத்தியத் தொட்டுக் காமிச்சிட்டாருக்கா” என்றாள்.

தெர்மாமீட்டர் வைத்தேன். மேசைக்குப் பின்னால் போகவில்லை, அவர் கண்ணெதிரே எடுத்து, கண்ணெதிரே வைத்தேன். பீப். நூறு புள்ளி ஆறு.

மாத்திரை எடுத்து நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

“இருவது வருசம் கழிச்சி வந்திருக்கு. வந்ததும் வராததுமா தொரத்தச் சொல்றியா? சாயங்காலம் வரிக்கும் இருக்கட்டும்.” பிறகு கம்பளியை விலக்கி, தலைவர் முன்னால் கையைத் தூக்கினார். “மோந்து பாருபா.”

“எதுக்கு? நெத்தி சுடுது, தெரியுது.”

“சட்டம். மோந்து பாரு.”

தலைவர் குனிந்து மோந்தார்.

“வெங்காயம் கீதா?”

“இல்ல.”

“டீ?”

தலைவர் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். “இல்லபா. வெறும் வேர்வ.”

“லேப்பம்மா, நீயும் வா.”

நானும் போய்க் குனிந்தேன். வியர்வையும் ஏரிச் சேறும் கம்பளி நெடியும்தான் இருந்தன. அந்தக் கிழட்டு உடம்புக்குள் எங்கோ நாலு பேர் விழித்துக்கொண்டு கூச்சல் போட்டதன் சூடு என் முகத்தில் அடித்தது. வெங்காயம் இல்லாமலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அழுவாத, எழுதிக்க” என்றார். “நூறு புள்ளி ஆறு. பேரோட எழுது.”